தூண் பார்த்து வந்த ஏஜெண்ட்

அகமது கபீர் பிறவியிலேயே முட்டாள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வயிற்றெரிச்சலில் பேசுவதாக நினைப்பீர்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். பாம்பனில் அன்றைக்கு அப்படிப் பாஸ் செய்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவனுடைய வாப்பா தோணியில் கூலிக்குப் போய் மகனைப் படிக்கவைத்தார். நல்ல பையன்தான். அவனைக் கெடுத்தது ஒரு தூண்.

பாம்பன் கடைவீதியில் கயிறு, தார், ஆணி விற்கிற கடை என்னுடையது. வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன். நேர் எதிரே எங்கள் ஊர் பாங்கு இருந்தது. கருவாட்டு வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்தது. ஓட்டுக்கூரை, இரண்டு அறை, மூன்றே ஆட்கள். ஏஜெண்ட் கில்பர்ட் (பாங்கு மானேஜரை அன்றைக்கு ஏஜெண்ட் என்பார்கள்), குமாஸ்தா கபீர், வாசலில் ஒரு காவல்காரன். கில்பர்ட் காதில் பென்சிலும் வாயில் வெற்றிலையுமாக உட்கார்ந்திருப்பார். கடன் கேட்டு வந்தவன் வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் உண்டு, இல்லை என்று சொல்லிவிடுவார்.

எங்கள் பாங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலைக் கலக்கும்போது வள்ளங்கள் கரையேறிவிடும். அந்த நாட்களில் அடுப்பு எரியவும் வலை மராமத்துக்கும் பணம் வேண்டும். வள்ளக்காரனிடம் நிலம் ஏது, நகை ஏது? அவன் வள்ளத்தைத் திசை திருப்புகிற சுக்கானைக் கழற்றித் தோளில் தூக்கிவந்து பாங்கில் வைப்பான். கில்பர்ட் முந்நூறோ இருநூறோ கொடுப்பார். தை பிறந்து கடல் திறந்ததும் அவன் வந்து சுக்கானை எடுத்துக்கொண்டு போவான். கவனியுங்கள், முதலில் சுக்கான் திரும்பிப் போகும், பிறகுதான் பணம் வரும். கடலுக்குப் போனால்தானே காசு? வாரா வாரம் பிடித்த மீனுக்கு ஏற்றபடி கட்டி, கோடைக்குள் முடித்துவிடுவான்.

சுக்கான் என்ன பெரிய சொத்தா? ஆசாரியிடம் சொன்னால் முப்பது ரூபாய்க்குப் புதிதாகச் செய்து கொடுத்துவிடுவான். ஆனால் பாங்கில் ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனவன் எங்கள் கரையில் ஒருவன்கூடக் கிடையாது. அப்படிப் போனால் அவனுக்கு வள்ளம் தள்ள ஒரு கை வராது, அவன் வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது. வைத்தது பலகையை அல்ல, தன் பேரை. இது கில்பர்ட்டுக்குத் தெரியும், வள்ளக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த கபீருக்கும் தெரியும்.

ஒரு தடவை பாங்கு வேலையாகக் கபீர் மெட்ராஸ் போய்வந்தான். திரும்பி வந்தவன் நேரே என் கடைக்கு வந்தான்.

“அக்கா, அங்கன ஒரு பாங்கு பாத்தேன். வாசத் தூணு ஒண்ணொண்ணையும் நாலு பேரு சேந்து கட்டிப்பிடிக்கணும். உள்ள நூறு பேரு உக்காந்து எழுதுறாக.”

“நூறு பேரும் என்னத்தப்பா எழுதுறாக?” என்றேன்.

அதை அவன் பார்க்கவில்லையாம். தூணைப் பார்த்தானாம். அன்றிலிருந்து எங்கள் பாங்கு அவனுக்குப் பெட்டிக்கடை ஆகிவிட்டது. கில்பர்ட் வெற்றிலை துப்புவது அசிங்கம், சுக்கான் அடுக்கிய அறையின் மீன் கவிச்சி அசிங்கம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவான். வாப்பா தோணியில் போய்ச் சம்பாதித்துப் போட்ட சோறு எந்த வாடை அடித்ததோ!

கேரளத்துப் பக்கம் ஒரு பாங்கு விழுந்தது. மக்கள் பயந்தார்கள். சின்ன பாங்குகள் பெரிய பாங்குகளோடு சேர்ந்தால்தான் போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு என்று மேலிடம் சொல்லிற்று. அறுபத்தொன்று மார்கழியில் எங்கள் பாங்கையும் மெட்ராஸில் தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஒரு பெரிய பாங்கு விழுங்கியது. கில்பர்ட்டுக்கு ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு இங்கிலீஷ் போதாதாம். கபீர் ஏஜெண்ட் ஆனான்.

ஆகா, அந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பங்குனி வெயிலிலும் கோட்டு. மூன்று பேர் செய்த வேலைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். சுழல்விசிறி வந்தது, மணி வந்தது. மணி அடித்தால் ஒருவன் ஓடிவந்து, என்ன என்று கேட்டுவிட்டு, இன்னொருவனைக் கூப்பிடுவான். ஆள் கூடக்கூட வேலை குறையும் அதிசயத்தை நான் அங்கேதான் கண்டேன்.

தை பிறந்தது. கடல் திறந்தது. பாங்கின் பின்னறையில் பதினாறு சுக்கான் கிடந்தன. முதல் ஆளாக யாக்கோபு வந்தான். சொந்த வள்ளம், அது ஒன்றுதான் அவனுக்கு ஆஸ்தி. அவனை நம்பி வேளாங்கண்ணி என்ற பெண்டாட்டியும் நான்கு பிள்ளைகளும். முந்நூறு ரூபாய் வாங்கியிருந்தான். கபீரைச் சின்ன வயதில் தோளில் தூக்கிப்போய்க் கடலில் குளிப்பாட்டியவன். என் கடைக்குக் கேட்கிறமாதிரிதான் பேச்சு நடந்தது.

“தம்பி, காத்து திரும்பிருச்சு. சுக்கான எடுத்துட்டுப் போறேன்.”

“மிஸ்டர் யாக்கோபு,” என்றான் கபீர். அடப் பாவி, மிஸ்டராம்! “முழுப் பணத்தையும் கட்டிட்டுத்தான் பொருள எடுக்கணும். இப்ப ரூல் அப்படி.”

“கடலுக்குப் போகாம பணம் எங்கன இருந்து வரும்?”

“ரூல மாத்த எனக்குப் பவர் இல்ல. மெட்ராஸுக்கு எழுதுறேன்.”

“கில்பர்ட் அண்ணன் இருந்தா இந்நேரம் நான் கரைக்குப் போயிருப்பேன்ல.”

“அது சின்ன பாங்கு,” என்றான் கபீர். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

எழுதினான். பதில் வர மூன்று வாரம். அடமானப் பொருளை வாகனத்தின் உதிரிபாகம் என்று மெட்ராஸில் முடிவுகட்டி, அந்த வாகனங்களின் பதிவு எண்களையும் டயர்களின் நிலைமையையும் கேட்டிருந்தார்கள். இவனுக்குச் சிரிப்பு வந்ததா? இல்லை. இது வண்டி இல்லை ஐயா, வள்ளம், இந்த ஊர் வழக்கம் இது, ஒரு வாரம் பொறுங்கள், பணம் தானாக வரும் என்று ஒரு வரி எழுதினானா? அதுவும் இல்லை. டயர் இல்லை என்று எழுதினான். அதற்குப் பதில் வர இன்னொரு மாதம். அறியாதவன் செய்தால் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்தவன், தெரியாதவன்போல எழுதினால் பெரிய மனிதன் ஆகலாம் என்று கண்டுகொண்டான். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

தை போய் மாசியும் போயிற்று. கண்ணெதிரே சீலா மீன் கூட்டம் போகிறது, வள்ளம் மணலில் காய்கிறது. வேளாங்கண்ணி என் கடைக்கு வந்து அரிசிக்குக் கடன் கேட்டாள். கயிற்றுக்கடையில் அரிசிக்குக் கேட்கிறாள் என்றால் மற்ற கடையெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

மறுநாள் யாக்கோபு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“அக்கா, சுக்கானுக்கு ஆணி வேணும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எந்தச் சுக்கானுக்கு?”

“புதுசு செய்யச் சொல்லிருக்கேன். புள்ளைக பட்டினி கிடக்குதுக்கா. பணத்த ஒரு பைசா விடாம கொடுத்திருவேன். ஊருல சொல்லுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். யாக்கோபு புதுச் சுக்கான் மாட்டிக் கடலுக்குப் போனான். மறுவாரம் மற்ற பதினைந்து பேரும் அப்படியே போனார்கள். எத்தனையோ வருஷம் கில்பர்ட்டின் வெற்றிலைக் காவலில் நின்ற வழக்கத்தை ஒன்பது பேர் கொண்ட பெரிய பாங்கு ஒரே பருவத்தில் தொலைத்துக்கட்டியது. கரையில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரைக் கடைசியில் யாக்கோபு முந்நூறையும் வட்டியையும் வேட்டி முனையில் முடிந்துகொண்டு பாங்குக்குப் போனான். பேசத் துணை வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டான். பணத்தை மேசைமேல் வைத்து, “தம்பி, என் சுக்கானக் கொடு,” என்றான்.

கபீர் பணத்தைத் தொடவில்லை. “சுக்கானெல்லாம் போன வாரம் ஏலத்துல போயிருச்சு. மெட்ராஸ் ஆர்டர்.”

“எவன் எடுத்தான்? அடுத்தவன் சுக்கான இந்தக் கரையில எவனும் தொடமாட்டானே.”

“சுண்ணாம்புக் காளவாசல்காரன் விறகுக்கு எடுத்தான். பதினாறும் சேத்து நாப்பது ரூபா.”

யாக்கோபுவின் அய்யா செதுக்கிய சுக்கான் அது. ஆனாலும் அவன், “சரி, போகட்டும். பணத்த எடுத்துக்க,” என்றான்.

“எடுக்க முடியாது. உங்க கணக்க வசூலாகாதுன்னு எழுதி மூடியாச்சு. மூடின கணக்குல பணம் வாங்க மெட்ராஸக் கேக்கணும்.”

“ஏன்டா கபீர்,” என்றேன் நான், “கடனக் கொண்டாந்து கையில கொடுக்குறான். அத வாங்கவும் உனக்கு வக்கில்லயா?”

“உங்களுக்குப் புரியாது அக்கா. பெரிய பாங்குல ஒரு முறை இருக்கு.”

வெளியே வந்ததும் யாக்கோபு நேரே மாதா கோயிலுக்குப் போய் அத்தனை பணத்தையும் உண்டியலில் போட்டான். கட்ட வேண்டிய காசு வீட்டில் இருந்தால் கடல் ஏறக் கால் வராது என்றான். அவன் சுபாவம் அது.

ஐப்பசியில் மறுபடி காற்று கிளம்பியது. வள்ளக்காரர்கள் பாங்குக்குப் போனார்கள். கடனைத் திருப்பாதவர்கள் என்று பதினாறு பேரும் எழுதப்பட்டிருந்தார்கள். அவர்களால் பாம்பன் வள்ளக்காரர் எவருக்கும் இனிக் கடன் கிடையாது என்று மெட்ராஸ் தீர்மானித்திருந்தது. யாக்கோபு ராமேஸ்வரத்து வட்டிக்காரனிடம் போனான். அவன் சுக்கானை வாங்குவானா? வள்ளத்தையே எழுதி வாங்கினான். அடுத்த கோடையில் யாக்கோபு தன் வள்ளத்திலேயே கூலிக்கு ஏறினான்.

அந்தக் கோடையில்தான் கபீருக்குப் பிரமோஷன் வந்தது. வராத கடன் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லாத கிளை என்று பாராட்டினார்களாம். பதினாறையும் எழுதி மூடிவிட்டு, அப்புறம் கடனே கொடுக்காவிட்டால் வராத கடன் எப்படி இருக்கும், மண்ணாங்கட்டி! மதுரைக்கு மாற்றல். ரயிலுக்குப் போகும் வழியில் கோட்டும் பெட்டியுமாக என் கடையில் நின்றான். கடைக்குள்ளே யாக்கோபு, முன்பு தன்னுடையதாக இருந்த வள்ளத்துக்கு, வட்டிக்காரன் காசில் கயிறு பொறுக்கிக்கொண்டிருந்தான். கபீர் அவனைப் பார்க்காததுபோல என்னிடம் சொன்னான்.

“போயிட்டு வாரேன் அக்கா. மதுரக் கிளையில வாசல்ல தூணு இருக்கு. ரெண்டு தூணு.”

“போய்க் கட்டிப்பிடிச்சுக்க,” என்று சொல்லிவிட்டு, யாக்கோபுவுக்குக் கயிறு அளந்தேன்.