கொலுப்படியில் ஒரு ப்ளாஸ்க்

எங்கள் அண்ணா வீர வைஷ்ணவர். திருவானைக்காவல் வழியாக ஜட்கா வண்டியில் போகும்போது சிவன் கோயில் கோபுரம் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று அந்தப் பக்கம் குடையை விரித்துப் பிடித்துக்கொள்வார். மழை இருக்காது, வெயில் இருக்காது, குடை கோபுரத்துக்காக. அப்படிப்பட்டவர் திருச்சி பெரிய கடைத் தெருவில் ஒரு ஷாப்பு வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"சாமி, செருப்போடயே வாங்க. இது கடைதானுங்க" என்றார் கடைக்காரர்.

அண்ணா காதில் அது விழவில்லை. சீமைச் சாமான்கள் வைத்திருந்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார். கூப்பவில்லை. அந்த அளவுக்குச் சம்பிரதாயத்தைக் காப்பாற்றினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அண்ணாவுக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. நான் இன்டர்மீடியட் பரீட்சையில் தவறிவிட்டு, மறுபடி எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் அண்ணா வீட்டில் மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் மன்னி, அவர்களுடைய ஒரே பெண் குழந்தை, அப்புறம் அண்ணா வாங்கி வந்த சாமான்கள். இந்த வரிசை சரியில்லை. சாமான்களை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் ரங்கநாதரைச் சேவிக்காமல் அண்ணா ஆபீஸ் போனதில்லை. சாயங்காலம் அந்தக் கடையைச் சேவிக்காமல் காவேரிப் பாலம் தாண்டி வீடு திரும்பியதும் இல்லை. முதலில் ஒரு டார்ச் லைட் வந்தது. பிறகு ராஜா ராணி படம் போட்ட பிஸ்கட் டப்பா, வாசனை சோப்பு, வெல்வெட் பெட்டியில் சவர செட், கிராமபோன். ஒவ்வொன்றும் ராகு காலம் பார்த்து வீட்டுக்குள் வரும். பெருமாள் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவார். அதற்குப் பிறகு அதை யாரும் உபயோகிக்கக் கூடாது. உபயோகித்தால் தேய்ந்துவிடுமாம். அமாவாசை இருட்டில் மன்னி கொல்லைப்புறத்துக்கு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு போவாள். டார்ச் லைட் பெட்டிக்குள் பள்ளிகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தச் சோப்பை மோந்து பார்க்கக் குழந்தைக்கு உத்தரவு உண்டு.

பெட்டிகளுக்குள் இங்கிலீஷில் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்களே, அதை சந்தியாவந்தனம் முடிந்ததும் அண்ணா சத்தமாக வாசிப்பார். புரியாத இடம் வந்தால் குரலை உயர்த்துவார். மந்திரங்களையும் நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அண்ணாவைச் சொல்லிவிட்டேன், நான் மட்டும் என்ன? வீட்டில் யாரும் இல்லாத சமயத்தில் சவர செட்டைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். அந்த வெல்வெட்டைத் தடவினால் எனக்கு ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இதெல்லாம் வேலை தேடும் நேரம் போக மிச்ச நேரத்தில். அதாவது நாள் முழுவதும்.

ப்ளாஸ்க் ஒரு தீபாவளிக்கு வந்தது. பச்சை வர்ணம் பூசிய தகர உடம்பு, தலையில் கிண்ணம் மாதிரி மூடி. சூடாக ஊற்றினால் சூடாகவே இருக்கும், குளிர்ச்சியாக வைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கும் என்று காகிதம் சொன்னது. வந்த புதிதில் மன்னி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏன்னா, குழந்தைக்கு ஸ்கூலுக்கு இதிலே பால் விட்டுக் கொடுத்தனுப்பட்டுமா?"

பெருமாள் கிரீடத்தில் புளி கரைக்கலாமா என்று கேட்டதுபோல அண்ணா அவளைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கு அடுத்து வந்த நவராத்திரிக்கு அண்ணா லீவு போட்டுவிட்டுத் தானே கொலு வைத்தார். மேல் படியில் நடுவில் பெருமாள்; ஒரு பக்கம் கிராமபோன், மறு பக்கம் ப்ளாஸ்க். ஸ்ரீதேவி, பூதேவி என்று உபய நாச்சிமார் எழுந்தருளியிருக்க வேண்டிய இடம் அது. மற்றச் சாமான்கள் அடுத்த படிகளை அடைத்துக்கொண்டன. தசாவதாரத்தில் பாதிப் பேருக்கு இடமில்லாமல் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்.

வீதி முழுக்க எங்கள் கொலுவைப் பார்க்க வந்தது. ப்ளாஸ்குக்கு உபன்யாசகர் நான்தான்.

"ஏண்டாப்பா, காலம்பற விட்ட காப்பி சாயந்தரமும் சுடுமோ?" என்று கேட்டாள் ஒரு மாமி.

"கொதிக்கும் மாமி. நாக்கு பத்திரம்."

"உள்ளே நெருப்பு ஏதாவது வச்சிருக்கானோ?"

"வெள்ளி மாமி. உள்ளே பூரா வெள்ளி."

"நீ பார்த்தியோ?"

"எல்லாத்தையும் உள்ளே போய்ப் பார்த்துட்டா மாமி நாம நம்பறோம்?"

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாராவது ஆசையாகக் கையை நீட்டினால் குழந்தை குறுக்கே வந்து நிற்பாள். "தொடாதேங்கோ மாமி. தூர இருந்தே சேவிச்சுக்கோங்கோ." பட்டுப்பாவாடையும் பெரிய மனுஷித்தனமுமாக அவள் அப்படிச் சொல்வதைக் கேட்கவே இன்னும் இரண்டு பேர் கையை நீட்டுவார்கள்.

கொலு ஆரம்பித்த இரண்டாம் நாள் அவள் பாவாடை கட்டிக்கொள்ள எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. முன்பிருந்தே சோர்வாகத்தான் இருந்திருக்கிறாள். கொலு சந்தடியில் யாரும் கவனிக்கவில்லை. கீழச் சித்திரை வீதியிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். அப்போதெல்லாம் அதற்கு மருந்து கிடையாது. ஜுரம் தலைக்கு ஏறாமல் காப்பாற்றிக் கரையேற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"தலையில விடாம ஐஸ் வைக்கணுங்க. வாயிலயும் துளித்துளியா கொடுக்கணும்" என்றார் டாக்டர். "ஐஸ் திருச்சியிலேருந்துதான் வரணும். கரையாம வச்சுக்கறதுதான் கஷ்டம். ஆனா உங்களுக்கென்னங்க, வீட்லயே ப்ளாஸ்க் இருக்கு. உடைச்சுத் துண்டு துண்டா உள்ளே போட்டு வச்சுக்கோங்க. என் சம்சாரம் உங்க கொலுவைப் பார்த்துட்டு வந்து, நமக்கும் ஒண்ணு வாங்குங்கன்னு என் உயிரை எடுக்கறா."

டாக்டர் போனதும் நான் கொலுப் பக்கம் போனேன். அண்ணா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வச்ச கொலுவிலேருந்து நடுவிலே ஒண்ணை எடுக்கப்படாதுடா. விஜயதசமி ஆகட்டும்."

"அண்ணா, ஐஸுக்குத்தான்..."

"குழந்தை இப்படிக் கிடக்கறச்சே என்னை அபசாரம் பண்ணச் சொல்றயா? அதை எடுத்து, அதனாலே இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

சாமான் கெட்டுவிடும் என்று அவர் யோசிக்கவில்லை. குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த மேல் படிதான், அதில் எதுவும் அசையக் கூடாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். வேறு கடையில் வேறு ப்ளாஸ்க் வாங்கலாமே என்றேன். ஊரில் அது ஒன்றுதான் வந்தது, அதை நாம் வாங்கிவிட்டோம் என்றார். அந்த நிலைமையிலும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசாகப் பெருமை தட்டியது.

ஆகவே நான் ஐஸ் சுமந்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு நாள் துள்ளி எழுந்தார்.

"என்ன சாமி, மூட்டைக்குள்ள கைக்குழந்தையா? என் வேட்டியை நனைச்சிடுச்சே!"

பஸ் சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்தேன். "ஆமாங்க, ஒரு வயசுகூட ஆகலை" என்றேன். அம்மா மண்டபம் வருவதற்குள் மூட்டை பாதியாகிவிட்டது. வீட்டில் பித்தளை அண்டாவில் போட்டு உமியால் மூடி வைத்தோம். அப்படியும் கொஞ்ச நேரத்தில் வெறும் தீர்த்தம்தான். அதில் துணியை நனைத்து மன்னி குழந்தையின் நெற்றியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கொலுவையும் அண்ணா நிறுத்தவில்லை. தினமும் விளக்கேற்றினார். ஜுரம் என்று தெரிந்தும் மாமிகள் வந்தார்கள். வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்கள். உள் அறையிலிருந்து குழந்தை பிதற்றுவது கூடத்துக்குக் கேட்கும். "தொடாதேங்கோ மாமி, தொடாதேங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். சுண்டல் கொடுக்கும் என்னைப் பார்த்து, "பாவம், நல்ல தெளிவாத்தான் பேசறா" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள்.

ஏழாம் நாள் கோயிலில் தாயார் திருவடி சேவை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தாயாரின் திருவடியைச் சேவிக்கலாம். ஸ்ரீரங்கமே அங்கே திரண்டிருக்கும். குழந்தைக்காக வேண்டிக்கொள்ள அண்ணாவும் போனார். அவர் வீதி திரும்பியதும் மன்னி அறையிலிருந்து வெளியே வந்தாள். முக்காலியைக் கொலு முன்னால் இழுத்துப் போட்டு ஏறி, ப்ளாஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஐஸை உடைச்சு இதிலே போடு. அபசாரம் என்னோடது."

நான் மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே ஒரு தக்கை அடைத்திருந்தது. வருஷம் முழுக்க அதன் மகிமையைப் பிரசங்கம் பண்ணியவனுக்கு உள்ளே தக்கை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடுங்கினேன். கழுவலாம் என்று கவிழ்த்தேன். கலகலவென்று கூடத்துத் தரையில் கொட்டியது. அப்பளத்தைவிட மெல்லிசான கண்ணாடிச் சில்லுகள், ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு.

எப்போது உடைந்தது என்று தெரியாது. கப்பலில் உடைந்திருக்கலாம், கடையில் உடைந்திருக்கலாம், பண்டிகைக்குத் துடைக்கும்போது என் கையிலேயே எங்காவது தட்டியிருக்கலாம். ஒரு வாய் தீர்த்தம் விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மன்னி குனிந்து ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இதுதானா அந்த வெள்ளி?" என்றாள். பிறகு எல்லாவற்றையும் முறத்தில் வாரிக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். தக்கையை அடைத்து, மூடியைத் திருகி, ஏறிப் பழைய இடத்திலேயே ப்ளாஸ்க்கை வைத்தாள். ஒரு பக்கம் சாயாமல் நேராக இருக்கிறதா என்றுகூட இறங்கி நின்று பார்த்தாள்.

"மன்னி, அண்ணாகிட்டே சொல்ல வேண்டாமா?"

"சொல்லாதே. குழந்தையும் இப்படி இருக்கா, இதுவும் இல்லைன்னா அவர் எதைப் பிடிச்சுண்டு நிப்பார்?"

இருட்டுவதற்கு முன் அண்ணா தாயாரின் மஞ்சள் காப்புப் பிரசாதமும் தீர்த்தமுமாக வந்தார். கொலு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் அப்படியே கத்திவிட்டார். "தணிஞ்சிருக்குடி! ஜில்லுன்னு இருக்கு, பாரு! இதுக்குத்தான் எதையும் அசைக்கப்படாதுன்னேன்."

உண்மையாகவே ஜில்லென்றுதான் இருந்தது. அண்ணாவுக்கு இருந்த சந்தோஷத்தில் என்னைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். அவர் வந்து நாடியைப் பிடித்தார். வயிற்றை மெதுவாக அழுத்தினார். இந்த ஜுரத்தில் இப்படித் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே குடலில் ரத்தம் போகிறது என்று அர்த்தம் என்பதை வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் விடியும்போது குழந்தை போய்விட்டாள்.

தீட்டு வீட்டில் கொலு நிற்கக் கூடாது என்று வீதியில் யாரோ வந்து படிகளைக் கலைத்தார்கள். பொம்மைகளும் சாமான்களும் ஒரே பெட்டிக்குள் போயின. ஐஸ் கரையாமல் இருந்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் பின்னால் சொன்னார். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது. நல்ல மனுஷர்.

அண்ணா பேச்சை நிறுத்திவிட்டார். அழவும் இல்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். காரியங்கள் முடியும்வரை, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, சொன்ன மந்திரத்தைச் சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சுவருக்கே வருவார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எதிரே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, என்னிடம் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான் ஏதாவது கோமாளித்தனம் பண்ணியாவது அவரை ஒரு வார்த்தை பேச வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் அண்ணாவின் ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். சட்டைக் கை மேலேறிக்கொண்டது. அண்ணாவின் கண் அங்கே போய் நின்றது.

"புதுசா?"

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. வந்தவர் அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மறைத்தார்.

"ஆமா சார்... சும்மா... மச்சினன் சொன்னான்னு..."

"எங்கே வாங்கினேள்?"

"உங்க கடைதான் சார். நீங்க தினம் போவீங்களே, அதே கடை."

"நான் பார்க்கலையே" என்றார் அண்ணா. குறைப்பட்டுக்கொள்வதுபோல் இருந்தது அது.

"நீங்க லீவுல போனப்புறம் வந்த சரக்கு சார்."

உள்ளே மன்னி விசும்பிக்கொண்டிருந்தது நின்றது. அண்ணா கையை நீட்டினார். அந்த மனுஷர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வாரைக் கழற்றிக் கடிகாரத்தை அண்ணாவின் உள்ளங்கையில் வைத்தார். அண்ணா அதை மேல்துண்டால் ஒரு தடவை துடைத்துக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்கவும் முடியாமல், கடிகாரத்தைக் கொடுங்கள் என்று கேட்கவும் வாய் வராமல், வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.