பதிமூன்று அங்குல டயரும் வராத ஒப்புதலும்

வாகனத்துக்குத் தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்டுள்ள அளவு டயரையே பொருத்த வேண்டும். வேறு அளவு பொருத்துவதானால் நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். எந்நிலையிலும் மாற்று டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. என்னுடைய சிறிய காரின் கையேடு அப்படித்தான் சொல்கிறது. கரிக்கலாம்பாக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. கையேட்டை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன ஐப்பசி அடைமழையில் நான் நடுவழியில் நின்றதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம்.

என் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் புதுச்சேரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த இயந்திரம் காத்திருப்பவருக்குப் போய்விடும். அவளுக்கு ஒரு முறை தவறினாலே மறுநாள் கால் வீங்கி மூச்சு வாங்கும். ஆகவே எங்கள் வீட்டில் கார் என்பது சொகுசுப் பொருள் அல்ல.

காரின் டயர்கள் தேய்ந்திருந்தன. எனக்கு வேண்டிய பன்னிரண்டு அங்குல டயர் வில்லியனூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. அந்த அளவை இப்போது அதிகம் தயாரிப்பதில்லை என்றார்கள். வில்லியனூர் டயர் கடைக்காரர் வேறு வழி சொன்னார்.

"பதிமூணு இன்ச் ரிம்மோட போட்டுடலாம் சார். இதே வண்டியோட டாப் மாடலுக்குக் கம்பெனிக்காரனே அதத்தான் குடுக்கறான்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரிம் பெரிது, ஆனால் டயரின் உயரம் குறைவு. மொத்த விட்டத்தில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வரவில்லை. வேகமானி பொய் சொல்லாது, சக்கரம் எங்கும் உரசாது. எல்லாம் சரி. சுமைக் குறியீடு மட்டும் ஒரு எண் குறைவு. அதாவது ஒரு டயர் தாங்கும் எடையில் பத்து கிலோ குறையும். மறுபடியும் கடைக்குப் போய் அதைச் சொன்னேன்.

"சார், வண்டியில நீங்களும் அம்மாவும்தான போறீங்க? இல்ல, நெல்லு மூட்ட எதுனா ஏத்தப் போறீங்களா?" என்றார் அவர்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் விதி நெல் மூட்டையைப் பற்றிப் பேசவில்லையே. ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக இல்லாத எதையும் நம்பாமல் காலம் தள்ளியவன் நான். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு கார் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. இரண்டாம் நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"டயர் வாங்கக் கடுதாசி போடுற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க. அவன் பதில் போடறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடப் போறேன். அப்புறம் வண்டியே தேவையில்ல, டயர் எதுக்கு?"

அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள். நான் நினைவூட்டலை முடித்து உறையில் போட்டேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் காலையிலிருந்தே மழை. வில்லியனூருக்குச் சற்று முன்னால், இருபுறமும் வயல், ஒதுங்க ஒரு கடைகூட இல்லாத இடத்தில் பின்பக்க டயர் வெடித்தது. மெதுவாகப் போனதால் வண்டி சற்று ஆடிவிட்டு ஓரமாக நின்றது. ஸ்டெப்னி நல்ல நிலையில்தான் இருந்தது. சக்கரத்து நட்டுகள்தான் துருவேறி, நான் ஏறி மிதித்தும் அசையவில்லை. ஆட்டோவுக்குப் போன் செய்தால் மழையில் யாரும் வருவதாக இல்லை. பேருந்தைக் காணவில்லை. மனைவி குடையைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றாள். அன்று அவள் கேலி எதுவும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. பின்பக்கம் முழுக்கக் காலி மீன் பெட்டிகள். ஊர் ஊராக மீன் விற்றுவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பும் வண்டி. ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டினார்.

"இன்னா சார், மழையில அம்மாவ நிக்க வச்சிக்னு இன்னாத்த பாத்துக்னு கீறீங்க?"

"டயாலிசிஸுக்குப் போவணும்மா. நேரமாச்சு" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "நீ முன்னால குந்துக்கா. நான் பின்னால ஏறிக்கறேன்."

சரக்கு ஏற்றும் இடத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. எனக்கு அது நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்ததும் உண்மை.

"அம்மா, சரக்கு வண்டியில பின்னால உக்காந்து..."

"போலீசு வந்தா, நானும் சரக்குதான்னு சொல்லிக்கறேன் சார். டேய் தம்பி, வண்டிய எடுடா!"

சிமெண்ட் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஈரப் பெட்டிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பியது. என் மனைவி ஜன்னல் வழியாகத் திரும்பி என்னைப் பார்த்து, "சார்கிட்ட எழுதி வாங்கல, பரவாயில்லயா?" என்று சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

காரோடு நின்றுகொண்ட நான் போன் செய்து, டயர் கடைக்காரர் ஆள் அனுப்பி நட்டைக் கழற்ற மதியமாகிவிட்டது. மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது மனைவி இயந்திரத்தோடு படுத்திருந்தாள். அந்த அம்மாள் வார்டு வாசல்வரை வந்து, நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாராம். "மீன் நாத்தம் அடிக்குதுன்னு செக்யூரிட்டி தடுத்தான். உன் மூக்கப் பொத்திக்கடான்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டா" என்றாள் மனைவி. அவ்வளவு சந்தோஷமாக அவளை அந்த வார்டில் நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் வில்லியனூரில் நிறுத்தி, "நாலுக்கும் பதிமூணே போட்டுடுங்க" என்றேன். கடைக்காரர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

சில வாரம் கழித்து எங்கள் தெருவில் மீன் வண்டிச் சத்தம் கேட்டது. அதே அம்மாள். நன்றி சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து என் கார்ச் சக்கரத்தைப் பார்த்தார்.

"மாத்திட்டியா சார்? அப்போ மாசி மகத்துக்கு அம்மாவ எங்க ஊருக்குக் கூட்டிக்னு வா. சாமியெல்லாம் கடலுக்கு வரும்."

போனோம். அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு என் மனைவியை உட்கார வைத்தார்கள். மாலையில் வீடு திரும்பிக் கைப்பேசியைத் திறந்தால், கார் நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்திருந்தது. என் கடிதம் உரிய பிரிவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். விதிகளை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் நனைந்துகொண்டு நிற்கும்போது முதலில் கதவைத் திறக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லாமலே எனக்கு உறுதியாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் நான் எழுதிய கடிதத்துக்கு அந்தப் பதில் வந்து சேர்ந்த நாள், மாசி மகம்.