சமையலறைக்கு ஒரு ஜன்னல்

எண்பதுகளில், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்த எங்கள் பழைய பலகை வீட்டை மறைந்த அப்பா கட்டியிருந்த அதே அமைப்பில் புதுப்பிக்க வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தேன். ரவாங் தொழிற்சாலையில் விடுமுறை கிடைத்தாலே அங்கு ஓடுவேன். ஒரு பலகையை மாற்றினால் அடுத்ததைக் கரையான் அரித்திருக்கும். கூரையில் ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னோர் இடம் ஒழுகும். வெறுத்தே போனது.

ஒருவழியாக முடித்து அம்மாவை அழைத்துப் போனேன். சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதே இருட்டு. இங்க ஒரு ஜன்னல் வைங்கன்னு ஒங்கப்பாகிட்ட எத்தன தடவ கேட்டிருப்பேன்! புகையிலயே கெடந்தேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "எல்லாம் முடிஞ்ச பெறகு சொல்றீங்களேம்மா!"

"நீ எங்கடா கேட்ட?"

புதிதாக அடித்த பலகையை மறுவாரம் நானே அறுத்து ஜன்னல் வைத்தேன். அம்மா அதன் வழியே வெளியே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அதுவரை நான் அதை அப்பாவின் வீடு என்றே நினைத்திருந்தேன்.