ஏழாம் நம்பர் மலை இறங்கிய வாரம்

உதவி தேடுவதும் ஒரு தொழில்தான். சார்ஜ் உள்ள போனும், மூன்று பாஷையும், மூடாத வாயும் இருந்தால் யாரையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த வெள்ளத்தில் எங்கள் தோட்டம் என்னை எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர், நான் அடுப்படியில். ஆனால் கான்வென்டில் படித்தவள் பேசினால் வண்டி சீக்கிரம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உதவி இலக்கத்துக்குப் போன் அடித்துவிட்டு, மழையில் நின்றபடி அவர்கள் போடும் பாட்டைக் கேட்ட உங்களுக்கு என் நிலைமை புரியும்.

மலை என்றால் எது?

கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர். மேலே மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. எல்லாரும் ஸ்கூலில். அதில் ஒருத்தி புஷ்பம்; நிறைமாசம், தலைப்பிள்ளை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவளை எப்படியாவது கொண்டுபோக வேண்டும். போனில் சிக்னல் கோடு விழுவது கோயில் படியில் மட்டும். அங்கே குடையோடு நின்று உதவி இலக்கத்துக்கு அடித்தேன். எடுத்தது வடக்குப் பக்கத்துப் பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது.

"ஏழாம் நம்பர் மலை ரோட்டுக்கு வந்துருச்சும்மா. ஆம்பளைங்க எல்லாம் மலைக்குப் போயிட்டாங்க. இங்க ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கா," என்றேன். எங்களுக்கு மலை என்றால் தேயிலை நிற்கும் இடம். மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. மிச்ச மண்ணும் ஸ்கூல்மேல் வந்துவிடாமல் இருக்க, புஷ்பத்தின் புருஷன் உட்பட எல்லாரும் அங்கே தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு மலை என்றால் வெறும் மலை. நிம்மதியாக மூச்சுவிட்டுக் கேட்டாள்: "ஆக்கள் மலையில ஏறிட்டினம் எண்டா, அப்ப பாதுகாப்பாத்தானே இருக்கினம், அம்மா?"

கான்வென்ட் உச்சரிப்பு

தமிழே வேண்டாம் என்று அடுத்த முறை இங்கிலீஷில் பேசினேன். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரை, சிஸ்டர்மார் அடித்துத் திருத்திய உச்சரிப்பில், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வண்டியும் புறப்பட்டது. நானும் புஷ்பத்தின் பையைக் கட்டி வைத்துவிட்டு, வாசலுக்கும் படிக்குமாக நடந்தேன்.

வண்டி வரவில்லை. டிரைவர் சிங்களத்தில் போன் பண்ணி, அப்படி ஒரு தோட்டமே இந்த ரோட்டில் இல்லையாம், ரோடு வளைகிற முடக்கில் நிற்கிற அம்மாவே சொல்கிறார், தன்னை வேறு அவசரத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். முடக்கில் நின்ற அம்மா யாரென்று நினைக்கிறீர்கள்? எங்கள் லயத்து ராசம்மா. டவுனுக்குப் போனவள், மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். போனில் பிடித்துக் கத்தினேன். அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை: "நம்ம தோட்டத்தை எல்லாரும் சொல்ற மாதிரி சவுக்குத் தோட்டம்னு கேட்டிருந்தா கையைப் புடிச்சுக் கூட்டியாந்திருப்பேனே. நீங்க சொல்ற பேரு வாயில நுழையலையேம்மா."

சாப்பாடு மட்டும்

அடுத்து, ஒரே நிற டீசர்ட் போட்ட பையன்கள் ஒரு கூட்டம், சரிந்த மண்மேல் ஏறி நடந்தே வந்து சேர்ந்தது. கையில் சோற்றுப் பார்சல். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை, பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். புஷ்பத்தின் கையில் ஒரு பார்சலைக் கொடுத்துப் போட்டோவும் எடுத்தார்கள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தம்பி, வந்த வழியே இவளையும் தூக்கிக்கொண்டு போய் உங்க வேன்ல ஆஸ்பத்திரியில விட்டுருங்க," என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவன் மாதிரி இருந்தவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "ஆன்ட்டி, நாங்க சாப்பாடு மட்டுந்தான். ஆள் தூக்குறது வேற குரூப்."

கம்பளி

மத்தியானம் வலி வந்துவிட்டது. இனி எந்த இலக்கமும் வேண்டாம் என்று, டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்கு அடித்தேன். "நானா, சவுக்குத் தோட்டத்து முடக்கு," என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. லொறியோடு வந்து நின்றார். ராசம்மா அதில், எங்கேயோ இரவல் வாங்கிய மெத்தையை விரித்து வைத்திருந்தாள்.

மலையிலிருந்து ஆம்பளைகளைக் கூப்பிட்டோம். கம்பளியை மூங்கிலில் கட்டி, புஷ்பத்தை அதில் படுக்க வைத்து, முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலேயிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டுகொண்டே இருந்தது. நான் பின்னாலேயே, இடது பக்கம் வை, பார்த்து வை, மூச்சை இழு, மூச்சை விடு என்று. பாதி வழியில் கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "அம்மா, நீங்க கொஞ்சம் பேசாம வந்தீங்கன்னா, வலியையாவது நிம்மதியாப் பார்த்துக்குவேன்."

ஓராள் கூட

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பெண் பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம். அப்போதுதான் என் செருப்பில் ஒன்று சேற்றோடு போயிருந்தது தெரிந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் லயத்தைக் கழுவிக்கொண்டிருந்த நாளில், அந்த வடக்குப் பக்கத்துப் பிள்ளை, பாவம், மறக்காமல் போன் பண்ணினாள். மலைக்குப் போன ஆக்கள் இறங்கிவிட்டார்களா என்று கேட்டாள். "இறங்கிட்டாங்க தங்கச்சி, ஒரு ஆளு கூடுதலாவே வந்திருக்கு," என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப பார்சலும் ஒண்டு கூட்டிப் போடவோ, அம்மா?"

உதவி எல்லாப் பக்கத்திலிருந்தும் வரத்தான் செய்கிறது, முடக்கில் ஒரு ராசம்மாவை நிறுத்தி, அவளுக்குத் தெரிந்த பெயரைச் சொல்லி அனுப்பினால்.