திருடியது யாருங்க அம்மணி?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி முடிந்து வரன் தேடுகிறவர்கள் சுறுசுறுப்பாகிற ஆவணி மாதம். பீளமேட்டில் ஒரு திருமணத் தகவல் மையத்தில், அவர்களுடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குழந்தை பிறந்து சில வருடங்கள் வீட்டோடு இருந்துவிட்டு, அலைந்து திரிந்து வாங்கிய வேலை அது.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் ஊரில் சந்தேகம்கூட மரியாதையாகத்தான் படுவார்கள்.

"ஏனுங்க அம்மணி, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வந்ததுக்கு அப்புறந்தான் நம்ம டேட்டாபேஸ்ல இருந்து ஆரோ தகவலை அள்ளீட்டு இருக்காங்க. நீங்க ஏதாச்சும் வெளிய குடுக்கறீங்களாங்க?"

கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு கிராஃபைக் காட்டினார். வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகளோ மலைபோல் ஏறியிருந்தன. யாரோ ஜாதகங்களை மொத்தமாக உருவிப் போட்டிக் கம்பெனிக்கு விற்கிறார்கள் என்பது அவர் முடிவு. புதிதாக வந்தவள் நான் ஒருத்திதான். "இல்லைங்க" என்றேன். அன்றே என் லாகினை நிறுத்திவிட்டார்.

கதவைச் சாத்திக் கேட்டது மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். எனக்கும் புத்தி கோணலாகிப் போனது. எனக்கு முன்னால் இருந்தவர் ஏதாவது கள்ளவழி வைத்துவிட்டுப் போனாரா, வரவேற்பில் இருக்கும் அக்கா ஏன் என்னைக் கண்டதும் செல்போனைக் கவிழ்க்கிறார் என்று ஆளுக்கொரு குற்றப்பத்திரிகை மனதுக்குள் எழுதினேன். பீளமேட்டில் ஒரு கம்பெனியில் தும்மினால் அடுத்த கம்பெனியில் கேட்கும். தகவல் திருடி என்று பெயர் வாங்கி வெளியே போனால் இந்த ஊரில் எனக்கு இனி வேலையே கிடைக்காது.

வேலையில்லாமல் வரவேற்பில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், கொடுமுடியிலிருந்து ஒரு தம்பதி மகனுக்குப் பெண் தேடி வந்தார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா பெண்களின் பக்கத்தைத் திறந்தார். திரை சுற்றிக்கொண்டே நின்றது. உள்ளேயிருந்து முதலாளி ஓடி வந்தார்.

"ஆருங்க அது? இப்பத்தான் எகிறுது! ஆரு எடுக்கறது?"

என்னைப் பார்த்தார். என் கையில் தண்ணீர் ஜக்தான் இருந்தது.

"நாந்தானுங்க பொண்ணுங்க பக்கத்தைத் திறந்தேன். வேற ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் அக்கா.

இன்னொரு முறை திறக்கச் சொன்னேன். முதலாளி அறையில் கிராஃப் மறுபடியும் எகிறியது. எனக்குப் பொறி தட்டியது. "உங்க லாகின்லயே புரோகிராமைத் திறங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, என் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திருடன் புரோகிராமுக்குள்ளேயே இருந்தான். பெண்களின் பட்டியலை எடுத்த பிறகு, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக, எங்கள் பக்கம் கூட்டம் என்று சொல்கிற குலப்பிரிவு என்ன, தாயார் வீட்டார் என்ன கூட்டம், குலதெய்வக் கோயில் எது என்று அது டேட்டாபேஸிடம் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி சாம்பாருக்காகச் சமையல்கட்டுக்கு ஓடுகிற மாதிரி. ஆவணியில் வரன்கள் கூடியதும் ஓட்டமும் கூடிவிட்டது. நான் சேர்ந்ததும் அந்த நேரம்தான்.

"இப்படி ஆருங்க எழுதச் சொன்னது?" என்று கேட்டேன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். எங்கள் பக்கம் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. முன்பு ஒருதரம் அப்படி ஒரு ஜோடியைக் காட்டி, பெண் பார்க்கப் போன வீட்டில் மானம் போய்விட்டதாம். "அதுக்கப்புறந்தானுங்க, எதையும் நம்பாதே, ஒவ்வொண்ணா கேட்டுப்போட்டுத்தான் காட்டோணும்னு அந்தத் தம்பிகிட்டச் சொன்னேன்" என்றார். எனக்கு முன்னால் இருந்த அந்தத் தம்பி சொன்னதை அப்படியே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெண்களின் விவரத்தை எடுக்கும்போதே கூட்டத்தையும் கோயிலையும் சேர்த்தே எடுத்து வரும்படி சில வரிகளை மாற்றினேன். பக்கம் பட்டென்று திறந்தது. மறுநாள் காலையில் முதலாளி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, கிராஃப்ல ஒண்ணுமே ஓடலியே. எதையாச்சும் நிறுத்திப்போட்டீங்களா?"

சிரிப்பதா, அழுவதா? "ஓடுதுங்க. வெட்டியா ஓடுனதுதான் நின்னுபோச்சு" என்றேன்.

அவரே திறந்து பார்த்துத் திருப்தியானதும் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "தப்பாக் கேட்டுப்போட்டனுங்க" என்றார். நல்ல மனிதர்தான், மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை மட்டும் அறையைத் தாண்டவில்லை. எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரே தடவையில் அவர் சொல்லியிருக்கலாம். நான்தான் அக்காவில் ஆரம்பித்து ஒவ்வொரு மேஜையாகப் போய், "நான் திருடலீங்க, புரோகிராம்ல தப்புங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் என் பொறுப்பில் சிலர் வேலை பார்க்கிறார்கள். யார் மேலாவது விழுந்த பழி பொய் என்று தெரிந்தால், அன்று மேஜை மேஜையாக நான் நடந்த நடை ஞாபகம் வந்து, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.