கைகளுக்கு மட்டும் நிழல்

வண்ணாத்திவில்லு பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஜவாஹிர் சேரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "டீச்சர், வாப்பா மௌத்தாகிட்டார்." பிடித்த இடத்தை யாருக்கோ விட்டுவிட்டு, மரண வீட்டுக்குப் போக இறங்கினேன்.

எங்கள் பாடசாலையில் நான் தமிழும் அவர் சித்திரமும் படிப்பித்தோம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "அது பெரிய கதை டீச்சர், பெல் அடிச்சிடும்" என்பார். படத்திலும் எல்லாவற்றையும் சொல்லமாட்டார். உருவம் முழுவதையும் வெறும் கோட்டால் இழுத்துவிட்டு, ஓரிடத்தில் மட்டும் பென்சிலைச் சாய்த்துக் கறுப்பேற்றுவார். பார்ப்பவர் கண் நேரே அங்கே போய் நிற்கும். மூலைமுடுக்கெல்லாம் தீட்டிவரும் பிள்ளைகளிடம் அவர் கேட்பது அவரிடம் படித்த உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: "எல்லாத்துக்கும் நிழல் போட்டா நான் எங்கடா பார்க்கிறது?" மார்க்கப் பேணுதல் உள்ளவர் என்பதால் மனித முகத்தை மட்டும் தீட்டவே மாட்டார். வெளிக்கோடு இருக்கும், கண் மூக்கு இராது.

இது தெரிந்தும் எத்தாளைக் கிராமத்து ரீற்றா அக்காவை அவரிடம் கூட்டிப்போனேன். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. முதலாம் ஆண்டுப் பூசைக்கு வீட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். கையில் இருந்தது அடையாள அட்டையின் பிரதி மட்டும்.

"இதுல ஆமிக்காரனுக்குப் பயந்து நிக்கிற மாதிரி இருக்கிறார், சேர். இது என்ட மனுசன் இல்ல" என்று அழுதார்.

சேர் சங்கடப்பட்டுப் போனார். "முகம் நான் கீறமாட்டன், தங்கச்சி." பிறகு, "கண்ண மூடினா அவர்ல எது முதல்ல வருது?" என்று கேட்டார்.

"கைதான் சேர். அறுந்த வலை பொத்துற கை."

சேர் கீறித் தந்த படத்தை ரீற்றா அக்கா வீட்டில் விரித்தேன். குனிந்திருக்கும் ஒரு மனிதர். தலை, தோள், மடியில் கிடக்கும் வலை எல்லாம் வெறும் கோடு. கைகள் இரண்டும் மட்டும் கறுத்து, நரம்பு புடைத்து, அறுந்த கண்ணியைப் பிடித்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் பொறுக்கமாட்டாமல், "ஐயோ, படம் இன்னும் முடியல்லையே" என்றாள். ரீற்றா அக்கா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. படத்திலிருந்த கையின்மேல் தன் கையை வைத்து, "ஓம், இவர்தான்" என்றார். உள்ளங்கையில் பென்சில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அதை அவர் கழுவப் போகவில்லை.

ஜனாஸா வீட்டில் சேரின் மனைவி கண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சபூர் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் பக்கத்தில் அமர்ந்து, "ராத்தா, அவர்ல எது முதல்ல வருது?" என்று கேட்டேன்.

"கீறக்குள்ள நாக்கக் கடிச்சிக்கொண்டு இருப்பாரே டீச்சர், சின்னப் புள்ள மாதிரி…" சிரிக்கத் தொடங்கியவர், முடிக்குமுன் என் தோளில் விழுந்து கதறினார்.

சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். அதை முதன்முதலில் அவர் வீட்டிலேயே கேட்க வேண்டி வந்தது.