ஒரு ராத்தலுக்கு நாலரைக் கன அடி

பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இது கட்டிவிட்ட கதை இல்லை. 1958ஆம் வருஷம், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், முத்துலிங்கம் என்ற கிளாக்கருக்கு நடந்தது.

அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் தீயணைக்கும் சிவப்புக் குழல்கள் பதினாறு தொங்கின. உள்ளே அப்பச்சோடா கரைத்த தண்ணீர். மேலே சின்னப் போத்தலில் திராவகம். கவிழ்த்தால் இரண்டும் கலந்து வாயு கிளம்பும். அந்த வாயுதான் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும். காற்றைவிடக் கனமான வாயு; அது தேங்கிய இடத்தில் தீயும் எரியாது, மூச்சும் விட முடியாது. ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு சோடாவுக்கு நாலரைக் கன அடி வாயு. பள்ளிக்கூடத்துக் கணக்கு, முத்துலிங்கத்துக்கு அத்துப்படி.

வருஷா வருஷம் சோடா மாற்றுவது சாமான் அறைப் பொறுப்பாளர் சோலைமலை. குழலுக்கு ஒரு ராத்தல் போட வேண்டியவர் அரை ராத்தல்தான் போட்டார். மீதி டவுன் பேக்கரிக்குப் போனது. ஆறு வருஷமாக இதே வேலை. முத்துலிங்கம் பார்த்தார். ஆனால் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே சோலைமலை. வாயைத் திறக்கவில்லை.

ஆடி மாதம், கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தில் தீப்பிடித்தது. தேயிலை சலிக்கிற காளியாயி ஓடிப்போய்க் குழலைக் கவிழ்த்தாள். தண்ணீர் சீறி வந்தது... பாதியில் நின்றது. தீ வாசலை மறித்துக்கொண்டது. அவள் வெளியே வரவே இல்லை.

தோட்ட நிர்வாகி துரை நடத்திய விசாரணையில் சோலைமலை சொன்னார்: "அவளுக்குக் கொழலப் பிடிக்கத் தெரியலங்க தொரை."

முத்துலிங்கத்தைக் கேட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பழி செத்தவள் தலையில் விழுந்தது.

பதினாறாம் நாள். அவள் வீட்டில் கருமாதி. மாலை 4.10. மலையெல்லாம் பனிமூட்டம். ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே, தலையில் கம்பளி போட்ட ஒருத்தி. முகம் தெரியவில்லை.

"கிளாக்கர் ஐயா, ஒரு கணக்குங்க."

பிள்ளையின் பாடமாக்கும் என்று நினைத்தார்.

"ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஒசரம். வாயு நெறைய எத்தன ராத்தல் சோடா வேணும்?"

பென்சிலை எடுத்தார். இருநூற்றுப் பதினாறு கன அடி. நாலரையால் வகுத்தார்.

"நாப்பத்தெட்டு."

"சரியாத்தான் இருக்குங்க."

கருகிய வாசம் வந்தது. நிமிர்ந்தார். ஜன்னலில் ஆளில்லை.

4.25. சாமான் அறையில் ஒரு சத்தம்.

புஸ்ஸ்ஸ்ஸ்...

கதவை உடைத்தார்கள். சோலைமலை தரையில் கிடந்தார். உடம்பில் ஒரு காயம் இல்லை. உள்ளே நீட்டிய தீக்குச்சி அணைந்தது. மறுபடி கிழித்தார்கள். மறுபடியும் அணைந்தது.

மறுநாள் முத்துலிங்கம் அந்த அறையை அளந்தார். ஆறு. ஆறு. ஆறு.

பிறகு விரல் விட்டு எண்ணினார். பதினாறு குழல், ஆறு வருஷம், அரை அரை ராத்தலாகத் திருடியது... நாற்பத்தெட்டு.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை 4.10. அதே ஜன்னல். அதே கம்பளி.

"ஒம்பதடி நீளம். எட்டடி அகலம். ஆறடி ஒசரம்."

அது அவர் படுக்கிற அறை.

பென்சில் கீழே விழுந்தது. "தாயி... இப்பவே போயி தொரைகிட்ட சொல்லிடுறேன்."

"சொல்லுங்க ஐயா. அதுவரைக்கும் நான் சோடா போட்டுக்கிட்டே இருக்கேன்."

ஓடினார். வழுக்கி விழுந்தார். எழுந்து ஓடினார். துரை பங்களாவில் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். துரை எழுதிக் கையெழுத்து வாங்கி, பக்கத்தில் நேரமும் குறித்தார்.

வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தார். தீக்குச்சியைக் கிழித்து, மெல்லக் கீழே இறக்கினார்.

நெஞ்சளவில் எரிந்தது.

இடுப்பளவில் எரிந்தது.

முழங்காலில்... அணைந்தது.

அடுத்த வீட்டு ராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஒங்க ரூம்புல என்னங்க சத்தம்? நாலு பத்துக்குச் சீற ஆரம்பிச்சிச்சு. நாலு அம்பதுக்குத்தான் நின்னுச்சு. மணிக்கூட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

முத்துலிங்கத்தின் கையெழுத்துக்குப் பக்கத்தில் துரை எழுதிய நேரம்... 4.50.